மீட்டரில் தெரியாத கரகரப்பு

ரெக்கார்டரின் சத்த மீட்டரில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்களைவிட இருபது வருஷம் கூடுதல் அனுபவத்தோடு நினைத்தேன், அதுதான் வித்தியாசம்.

போன மாதம் பதிவுத் தொழில் பழகும் நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "ஐயா, கச்சேரி எடுக்கறப்ப சத்தம் உடையுது, என்ன செய்றது?" என்று கேட்டீர்கள். ஒயரைப் பாருங்கள், சாக்கெட்டைப் பாருங்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதிலில் ஒயருக்குக் கால் பங்குதான். மிச்சம் முக்கால் பங்கை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, எழுதித் தருகிறேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். இப்போது எனக்குக் காது மந்தம், பாதிதான் விழும்.

2007 வாக்கில் நடந்தது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கேசட் கடை என்று ஆரம்பித்து சிடி கடையாக மாறியிருந்தது. கல்யாணம், மாதா கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, கட்சிக் கூட்டம், கச்சேரி என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பதிவு செய்து தருவேன். பெட்டி பெட்டியாகச் சாமான் தூக்கிய காலம் போய், உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்று வாங்கியிருந்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அதை வாங்கிய பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ரெக்கார்டரில் இரண்டு சாக்கெட் உண்டு. ஒன்று மைக்குக்கு, இன்னொன்று லைனுக்கு. மைக்கிலிருந்து வருவது முணுமுணுப்பு மாதிரி, அதை உள்ளே பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். மைக் செட்டிலிருந்து லைனில் வருவது ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டது, அதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பண்ருட்டியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பந்திக்கு ஓடிய அவசரத்தில் என் ஒயரில் கால் தடுக்கி, லைன் சாக்கெட் ஆட்டம் கண்டுவிட்டது. சரிசெய்யக் கொடுத்தால் சென்னைக்குப் போய்த் திரும்ப ஒரு மாதம் ஆகும். சீசன் வேறு. அதனால் மைக் செட்டிலிருந்து வரும் ஒயரை மைக் சாக்கெட்டிலேயே சொருகி, பதிவு அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலையை ஓட்டினேன். ஆண்டு விழாக்கள், பட்டிமன்றம், நலங்குப் பாட்டு எல்லாம் நன்றாகவே வந்தன. நாலு மாதம் இப்படி ஓடியதில், அது தப்பு என்பதே எனக்கு மறந்து போனது.

அந்த நிலையில்தான் வனஜா டீச்சர் கடைக்கு வந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். நாற்பது வயதிருக்கும். வருஷத்துக்கு நாலைந்து கச்சேரியும் பாடுவார்கள். உட்கார்ந்ததும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

"இங்க ஒரு கட்டி சார். தைராய்டு. வர்ற புதன்கிழமை பாண்டிச்சேரில ஆபரேஷன். கொரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பின்னாடியே ஓடுதாம். ஒண்ணும் ஆகாம இருக்கலாம், கொரல் மாறினாலும் மாறலாம்னு டாக்டர் சொல்றாரு. ஞாயித்துக்கிழம காலைல எங்க ஊர்லயே ஒரு கச்சேரி. அதோட பாட்ட நிறுத்திக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

அழவில்லை, தயங்கவும் இல்லை. மளிகைச் சாமான் சொல்வது மாதிரி சொன்னார்கள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்கள். கச்சேரியில் பாடப்போகும் பாட்டுகளின் பட்டியல். நாலு பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பேனாவால் சுழி போட்டிருந்தது.

"இந்த நாலும் எங்க பசங்களுக்குச் சொல்லித் தர்ற பாட்டு சார். எனக்குக் கொரல் போயிடுச்சின்னா, இதப் போட்டுக் காட்டித்தான் பாடம் நடத்தணும். சிடியப் போட்டுட்டு, பக்கத்துல நின்னு தாளம் போடுவேன். வேலை போயிடக்கூடாது பாருங்க. ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேக்கணும். அதுலயும் இந்தக் கல்யாணி ராகப் பாட்டு. சரணத்துல ஒரு வரி மேல போகும். அத எங்க பசங்க எப்பவுமே தப்பா பாடுங்க. அது மட்டும் சுத்தமா விழுந்துட்டா எனக்குப் போதும்."

கல்யாணிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு சுழி இருந்தது. நான் தாளை மடித்துச் சட்டைப் பையில், ரெக்கார்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "கவலையே படாதீங்க டீச்சர்" என்றேன். இந்த வாக்கியத்தை நீங்கள் யாரும் எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கச்சேரி. சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மைக் செட் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவருடையது. வளைகுடாவில் பத்து வருஷம் மேடை ஒலி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்லது பாதி அவரிடம் கற்றது. ஆனால் உட்கார வைத்து எதையும் சொல்லித் தந்ததில்லை. திட்டுவார், அதிலிருந்து நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவருடைய மிக்ஸரில் சத்தம் வெளியே போக ஒரே வழிதான். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்று ஸ்பீக்கருக்கும் இன்னொன்று எனக்கும் கொடுத்தார். நான் ஒயரை மைக் சாக்கெட்டில் சொருகுவதைப் பார்த்தார்.

"இன்னா மச்சான், மைக்ல சொருவுற?"

"லைன் சாக்கெட் ஆடுது பாய். நாலு மாசமா இப்டித்தான் எடுக்கறேன். ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆவலன்னா சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

முதல் இரண்டு பாட்டையும் ஹெட்போன் போட்டுத்தான் கேட்டேன். அருமையாக இருந்தது. சுழி போட்ட பாட்டில் ஒன்று அதிலேயே முடிந்தது. பத்தே முக்கால் வாக்கில் கூட்டம் சேர்ந்தது. மின்விசிறி எல்லாம் ஓட, பின்வரிசைக்காரர்கள் கேட்கவில்லை என்று கை காட்ட, சபா செயலாளர் வந்து பாயிடம் சத்தத்தை ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். பாய் ஏற்றினார். நான் என் மீட்டரைப் பார்த்தேன். பச்சை கொஞ்சம் உயர்ந்தது. பதிவு அளவை ஒரு புள்ளி குறைத்தேன், பச்சை பழைய இடத்துக்கே வந்தது. ஹெட்போன் காதில் ஒட்டி வியர்வை வழிந்தது. கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பச்சைதான் ஆடுகிறதே, காது எதற்கு என்று நினைத்தேன். இருபது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன் நினைக்கிற நினைப்பா இது?

டீச்சர் கல்யாணியை ஆரம்பித்தார்கள். மண்டபம் அடங்கியது. ஆலாபனை, வயலின், பாட்டின் பல்லவி, அனுபல்லவி என்று போய்க்கொண்டே இருந்தது. நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். சரணம் வரப்போகிறது, இரண்டு சுழி போட்ட இடமாயிற்றே என்று ஞாபகம் வந்து ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

கரகரவென்று கேட்டது.

கீழே பாடும்போது இல்லை. குரல் மேலே ஏற ஏற, ஒவ்வொரு உச்சியிலும் காய்ந்த ஓலையைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். மீட்டரைப் பார்த்தேன், பச்சை. சிவப்பின் பக்கமே போகவில்லை. பதிவு அளவைக் குறைத்தேன். பாட்டு சின்னதாயிற்று, கரகரப்பும் சின்னதாயிற்று, ஆனால் போகவில்லை. இன்னும் குறைத்தேன். அப்போதும் இருந்தது. ஒயரை அழுத்திப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், ஹெட்போன் ஊசியைத் துடைத்துச் சொருகினேன். அவசரத்தில் அது ஒரு தடவை சாக்கெட்டைத் தப்பி மேஜையில் குத்தியது.

பாய் பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னா?"

"ஒடையுது பாய். மேல போனா ஒடையுது."

"ஹெட்போனக் கழட்டு."

கழற்றினேன்.

"ஹால்ல ஒடையுதா?"

மண்டபத்தில் டீச்சரின் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இல்ல."

"ஹால்ல இருந்தா என் தப்பு. ஹால்ல இல்லன்னா உன் தப்பு. அவ்ளோதான் கணக்கு." என் கையிலிருந்து ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துக் கேட்டார். அளவை மேலே கீழே தள்ளிப் பார்த்தார். "நீ கொறைக்கிறது உள்ள போனதுக்கு அப்பறம். வாசப்படிலயே ஒடஞ்சி வருது. அடிபுடிச்ச சோத்த கொஞ்சமா போட்டா நல்ல சோறாயிடுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முணுமுணுப்பை எதிர்பார்க்கிற சாக்கெட்டில் நாலு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன். கூட்டங்களில் சத்தம் குறைவாக வந்ததால் அது பொறுத்துக்கொண்டது. இன்றைக்குப் பாய் ஏற்றிய சத்தத்தை அதனால் தாங்க முடியவில்லை. மீட்டர் காட்டியதெல்லாம் உடைந்த பிறகு நான் குறைத்துக்கொண்ட அளவைத்தான். அது பொய் சொல்லவில்லை, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க கொஞ்சம் கொறைங்க பாய்" என்றேன்.

"கொறைச்சா ஹால்லயும் கொறையும்."

"கொஞ்சமா."

குறைத்தார். கரகரப்பு நின்றது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் மேடையில் டீச்சருக்குத் தன் குரல் சட்டென்று உள்ளே போனதாகத் தோன்றியிருக்க வேண்டும். தாளம் போடும் கையாலேயே சத்தத்தை ஏற்றும்படி ஒரு சைகை காட்டிவிட்டு, குரலை அழுத்தி வெளியே தள்ளினார்கள். கழுத்து நரம்பு புடைத்தது எனக்கு அங்கேயிருந்தே தெரிந்தது. கட்டி இருக்கிற கழுத்து. புதன்கிழமை ஆபரேஷன்.

"ஏத்திடுங்க பாய்" என்றேன். "ஏத்திடுங்க, ஏத்திடுங்க."

ஏற்றினார். டீச்சரின் முகம் தளர்ந்தது. என் ஹெட்போனில் மறுபடியும் ஓலை கிழிந்தது. அந்த மேல் வரியை டீச்சர் நாலு விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். மண்டபமே தலையாட்டியது. நாலு தடவையும் உடைந்ததைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். பதிவைவிடத் தொண்டை முக்கியம் என்று அந்த நிமிஷத்தில் முடிவெடுத்தேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

பாய் அதற்குள் தன் தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். பழைய மிக்ஸரில் கழற்றிய வால்யூம் கண்ட்ரோல் ஒன்று கையில் வந்தது. "இத ஒயர் நடுவுல வச்சிட்டா வாசப்படிக்கு வெளியவே கொறைச்சிக்கலாம். ஆனா ஒயர அறுக்கணும். ஒங்கிட்ட வேற ஒயர் இருக்கா?"

இல்லை. சின்ன ஊசி வைத்த ஒயர் ஒன்றே ஒன்றுதான் கொண்டுவந்திருந்தேன். சட்டைப் பையில் அடங்குகிற தொழில் அல்லவா!

"அறுத்தா எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம். கூடவும் ஆவும்."

கச்சேரி பழகியவர்களுக்குத் தெரியும், நடுவில் பாட்டு இல்லாத நேரம் ஒன்றுதான் உண்டு. மிருதங்கத்துக்கு விடும் தனி ஆவர்த்தனம். அப்போது பாதி மண்டபம் காப்பிக்கு எழுந்து போகும். டீச்சர் பாட மாட்டார்கள், தாளம் மட்டும் போடுவார்கள். தனி முடிந்த பிறகு இன்னும் இரண்டு சுழிப் பாட்டு பாக்கி இருந்தது. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தனியைப் பலி கொடுக்க வேண்டும். மிருதங்கக்காரர் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறவர். அவருக்கும் அது எத்தனை நாள் உழைப்போ. தனி ஆரம்பித்தது. "அறுத்துடுங்க பாய்" என்றேன்.

மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பாய் ஈயம் வைத்தார். நான் டார்ச் பிடித்தேன். முதல் தடவை வைத்த ஈயம் ஒட்டாமல் உதிர்ந்தது. மேடையில் மிருதங்கம் வேகம் பிடித்தது. எனக்குத் தாளக் கணக்கு அரைகுறைதான், ஆனால் முடிவுக்கு வருகிறார் என்பது தெரிந்தது. காப்பிக்குப் போனவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். "பாய், முடிக்கப் போறாரு" என்றேன். "நீ வாய மூடிட்டு வெளிச்சத்த நேரா காட்டு. நடுங்காத" என்றார். அவர் கடைசி இடத்தை ஊதி ஆற்றவும், மேடையில் மிருதங்கத்தின் கடைசித் தீர்மானம் முடிந்து கைதட்டல் எழவும் சரியாக இருந்தது. ஓடிப்போய்ச் சொருகினேன். டீச்சர் கல்யாணியின் பல்லவியைத் திரும்ப எடுத்தார்கள். ஹெட்போனில் சுத்தமாக, துளிகூடக் கிழியாமல் வந்தது. பாயின் தோளைப் பிடித்து அழுத்தினேன். "விடு, விடு, வலிக்குது" என்றார்.

அதன் பிறகு மங்களம் பாடி முடிக்கும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை. கடைசி இரண்டு சுழிப் பாட்டும் பளிங்கு மாதிரி விழுந்தன.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. உங்களில் சிலருக்கு இதை இப்படித்தான் முன்பு சொல்லியிருக்கிறேன். தனி ஆவர்த்தனத்தில் ஒயரை அறுத்து ஒட்டிய கதை என்று கேட்டுச் சிரித்தீர்கள். மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

கச்சேரி முடிந்ததும் மிருதங்கக்காரர் நேராக என்னிடம் வந்தார். "தனி எப்டி சார் வந்திருக்கு?" என்றார். வேறு வழியில்லாமல், விழவில்லை, ஒயரை மாற்ற வேண்டியிருந்தது என்று சொன்னேன். மனிதர் கொதித்துவிட்டார். "எல்லார் பாட்டும் வேணும், நான்தான் உங்களுக்கு இளிச்சவாயனா?" என்று பத்துப் பேர் கேட்கத் திட்டினார். பிறகு, "அடுத்த கச்சேரில ஒழுங்கா எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நிமிஷம் தலை குனிந்து நின்றேன், முடிந்தது. உண்மையைச் சொன்னால் ஆகிற சேதம் அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

ஆனால் திட்டு வாங்கிய சூட்டில் எனக்கு இருந்த தைரியமெல்லாம் செலவாகிவிட்டது. மேடையில் டீச்சர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வயலின்காரர் வயலினை உறையில் போடவில்லை. மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது.

"கல்யாணி நல்லா விழுந்துதா சார்?" என்று கேட்டார்கள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"விழுந்துது டீச்சர். கொஞ்சம் கம்ப்யூட்டர்ல துடைக்கணும். அவ்ளோதான்."

"அப்ப சரி" என்று சிரித்தார்கள். சுருதிப் பெட்டியை அணைத்தார்கள். வயலின் உறைக்குள் போயிற்று.

பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார். "எத வச்சி தொடைப்ப?"

பஸ் ஏறிக் கடலூர் வந்தேன். சாப்பிடாமல்கூட கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஞாயிறு மாலை, திங்கள் முழுக்க அந்தச் சரணத்தை வைத்துக்கொண்டு போராடினேன். மேல் சத்தத்தை வெட்டினேன். கரகரப்பு மங்கியது, எழுத்தும் மங்கியது. எழுத்தைத் தெளிவாக்கினேன், கரகரப்பும் கூடவே வந்து நின்றது. பதிவாகும்போதே உச்சி நறுக்கப்பட்டுவிட்டது. இல்லாத ஒன்றை எதைப் போட்டும் வரவழைக்க முடியாது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று உட்கார்ந்திருந்தேன். சரியாக்கிவிட்டால் பொய் சொன்னது பொய்யாகாது என்று ஒரு கணக்கு. மேஜைமேல் டீச்சரின் நம்பர் எழுதிய தாள் இருந்தது, சுழிகள் போட்ட அதே தாள். போனை இரண்டு தடவை எடுத்துவிட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடுவது, ரெக்கார்டரோடு போய் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்பது என்று சிதம்பரம் பஸ் ஏறினேன். மைக் சாக்கெட்டில் நேராகச் சொருக ஒரு நல்ல மைக்கை எடுத்துக்கொண்டேன். செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் ஆலை வாடைக்கு எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடினார்கள். நானும் மூடினேன். டீச்சர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அவுங்க பாண்டிக்குப் பொறப்பட்டுட்டாங்களே, இன்னிக்கு அட்மிட் ஆவணுமாம்" என்றார்கள். எப்போது என்று கேட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாண்டிச்சேரிக்குக் கடலூர் வழியாகத்தான் போக வேண்டும். செம்மங்குப்பத்தை ஒட்டி எங்கேயோ எங்கள் இரண்டு பஸ்ஸும் எதிரெதிராகத் தாண்டியிருக்கின்றன. இரண்டிலும் ஜன்னல் மூடியிருந்திருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆபரேஷனுக்கு முதல் நாள் இதைச் சொல்லி மனசைக் கலைப்பதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்க நல்ல நியாயம்தான். உள்ளே இருந்தது வெறும் பயம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெடுதல் எதுவும் இல்லை. குரல் மட்டும் மாறிவிட்டது. ஒரு மாதம் கழித்து சிடியை எடுத்துக்கொண்டு போனேன். பேச்சு காற்று கலந்து கம்மலாக வந்தது. பேச்சு தேறிவிடும், மேலே பாடுவது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உடைந்த சாக்கெட், கழுத்தில் மாட்டிய ஹெட்போன், மேடையில் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

டீச்சர் கத்தவில்லை. கத்தக் குரலும் இல்லை. சிடி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்கள். "சுருதிப் பெட்டி ஓடிக்கிட்டுதானே இருந்துது. அங்கயே ஒக்காந்து அந்த ஒரு சரணத்த இன்னொரு தரம் பாடியிருப்பேனே. அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம். இரண்டு நாள் கம்ப்யூட்டரோடு மாரடித்தேனே, அதெல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்தைக் கேட்கப் பயந்ததற்காகத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் பணம் எதுவும் வாங்காமல் எழுந்தேன். இனி அவர்கள் முகத்தில் விழிக்கும் நிலை வராது என்றுதான் நினைத்தேன். மறு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே போன் வந்தது. ஆண்டு விழா, நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும் என்று பாட்டு டீச்சர் சொல்கிறார்கள் என்றார்கள். தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

போனேன். புது ரெக்கார்டர், இரண்டு ஒயர், லைன் சாக்கெட், காதில் ஹெட்போன். மைக் செட் அதே பாய்தான். முதல் மணி அடித்ததிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை. வரவேற்பு, பரிசளிப்பு, நாடகம் எல்லாம் சுத்தமாக வந்தன. பிறகு சேர்ந்திசைக்கு முப்பது பிள்ளைகள் மேடை ஏறினார்கள். டீச்சர் ஓரமாக நின்று தாளம் போட்டார்கள். கல்யாணி. அதே பாட்டு. பல்லவி நன்றாக வந்தது, அனுபல்லவி நன்றாக வந்தது. சரணத்தில் அந்த வரி மேலே ஏறியது.

கரகரவென்று கேட்டது.

கை தானாக அளவுக்குப் போயிற்று. குறைத்தேன். போகவில்லை. சாக்கெட்டைப் பார்த்தேன், லைனில்தான் இருக்கிறது. ஒயரை அழுத்தினேன். பாய் சொன்ன கணக்கு ஞாபகம் வந்து ஹெட்போனைக் கழற்றினேன்.

ஹாலிலேயே கரகரத்தது.

பாய் தன் மிக்ஸரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. கரகரப்பு பிள்ளைகளின் தொண்டையில் இருந்தது. மேலே போகும்போது முப்பது பேரும் சேர்ந்து, சொல்லி வைத்தாற்போல், குரலைக் கிழித்துப் பாடினார்கள். அந்த நாலு உச்சியிலும், என் பதிவில் எங்கெங்கே உடைந்ததோ அங்கங்கே, அவ்வளவு கச்சிதமாக. கைதட்டல் பிரமாதமாக இருந்தது.

விழா முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"எத்தனையோ தரம் சொல்லிப் பாத்துட்டேன் சார். அப்டி இல்ல, அது ஒயர் சத்தம்னு. 'சிடில நீங்க அப்டித்தான டீச்சர் பாடியிருக்கீங்க'ன்னு கேக்குதுங்க. எப்டின்னு பாடிக் காட்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

ஹாலில் இருந்தால் பாயின் தப்பு, இல்லாவிட்டால் என் தப்பு. அன்றைக்கு அது ஹாலில்தான் இருந்தது. பாய் தலை குனிந்து தன் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். யாருடைய தப்பு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.